பூச்சியத்துக்கு ஒரு பெரிய சாவு

நெருப்பைக் கண்டுபிடித்தவன் யாரென்று மனித குலத்துக்குத் தெரியாது. ஆனால் அந்த நெருப்பை அணைத்துக் காட்டிய முதல் ஊர் எதுவென்று உலகம் அறியும். ஆதி மனிதன் மூட்டிய புகையின் பாவத்தை ஒரே நாளில் இறக்கி வைத்த புண்ணிய பூமி இந்த வெள்ளியம்பாளையம்.

மணிக்கூண்டுக்குக் கீழே கல்வெட்டில் இப்படிப் பொறித்திருக்கிறது. முழுதாகப் படிக்க முடியாது. கீழ்ப்பாதியை மறைத்துப் பரோட்டாக் கடைக்காரர் விறகு அடுக்கியிருக்கிறார்.

வானக்கண் என்ற செயற்கைக்கோள் மேலே போன பிறகு நடந்த கதை இது. அதற்கு முன்பெல்லாம் எந்த நாடு எவ்வளவு புகை விடுகிறது என்பதை அந்தந்த நாடே சொல்லிக்கொண்டிருந்தது. தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்கிற வசதி. வானக்கண் வந்ததும் அந்த வசதி போய்விட்டது. அது உச்சியில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு அடுப்பையும், வண்டியையும், சூளையையும் பார்த்தது. அந்த ஊரின் மரங்கள் உறிஞ்சிக்கொள்வதைக் கழித்தது. மிச்சத்தை மணிக்கூண்டில் மாட்டிய பலகைக்கு எண்ணாக அனுப்பியது. ஞாயிற்றுக்கிழமை காலை எண் ஏறுகிற வேகத்தை வைத்தே ஊரில் எத்தனை வீட்டில் கறிக்குழம்பு என்று பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் சொல்லிவிடுவார்கள்.

உலகப் பூச்சிய மன்றம் என்று ஒன்று இருந்தது. ஏதாவது ஓர் ஊர், ஒரு சூரிய உதயத்திலிருந்து மறு உதயம் வரை பூச்சியத்தைக் காட்டிவிட்டால் அந்த நாட்டுக்கு ‘வழி கண்ட நாடு’ என்று சான்றிதழ் தருவார்கள். சான்றிதழ் இல்லாத நாட்டுச் சரக்கை வெளியே யாரும் தொடமாட்டார்கள். வெள்ளியம்பாளையத்துத் தறிகளில் நெய்த துண்டுகள் துறைமுகத்தில் மலைபோல் கிடந்தன. ஆகவே அந்த ஏதாவது ஓர் ஊராக வெள்ளியம்பாளையத்தையே அரசாங்கம் தேர்ந்தெடுத்தது. பூச்சியத் திட்டத்துக்கு இயக்குநராக மதுரவல்லி வந்து சேர்ந்தார். வெளிநாட்டில் படித்தவர். பேசும்போது ‘பாதை’ என்ற சொல் வராமல் ஒரு வாக்கியத்தை முடிக்க மாட்டார்.

பாதைகள் ஒன்றா இரண்டா? வீட்டுக்கு ஒரு சூரிய அடுப்பு கொடுத்தார்கள். அதன் பளபளப்பான தட்டில் மிளகாய் வெகு சீக்கிரம் காய்ந்தது. மின்சாரப் பேருந்து விட்டார்கள். அடிக்கடி மின்வெட்டு என்பதால் டீசல் ஜெனரேட்டர் வைத்து அதற்குச் சார்ஜ் ஏற்றினார்கள். மரம் நட்டார்கள். ஆடு தின்றது. ஆடு விட்ட ஏப்பத்தை வானக்கண் கணக்கில் சேர்த்துக்கொண்டது. காற்றிலிருந்து கரியை உறிஞ்சும் ராட்சச யந்திரம் ஒன்று கப்பலில் வந்தது. அதன் பின்பக்கம் குளுகுளுவென்று காற்று வருவதை ஊர் கண்டுபிடித்ததும், யந்திரத்துக்குப் பின்னால் சீட்டுக் கச்சேரியும் அதற்குப் பின்னால் ஒரு பஜ்ஜிக் கடையும் முளைத்தன. ‘புகையில்லா நாள்’ என்று விழிப்புணர்வுப் பேரணி நடத்தினார்கள். பேரணிக்கு வந்தவர்களுக்குப் பொங்கலும் வடையும் போட்டதில் பலகை அந்த வருஷத்தின் உச்சத்தைத் தொட்டது.

ஒருநாள் மதுரவல்லி பழைய பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“நல்லசிவம்! இங்க வாங்க. இந்த நாளைப் பாருங்க. காலையில விழுந்த எண் மத்தியானம் பூச்சியத்துக்குப் போயிருக்கு. சாயங்காலம் வரைக்கும் அங்கேயே நிக்குது. வானக்கண் பழுதா?”

நல்லசிவம் திட்டத்தின் உதவிப் பொறியாளர். உள்ளூர்க்காரர். தேதியைப் பார்த்தார்.

“பழுதில்லீங்க மேடம். அன்னைக்கு மில்லு மொதலாளி செத்துட்டாருங்க.”

“அதனால?”

“பெரிய சாவு மேடம். கடையெல்லாம் அடைச்சாச்சு. பஸ் ஓடல. தறி ஓடல. பொணத்த எடுக்கற வரைக்கும் ஊருக்குள்ள யாரும் அடுப்புப் பத்த வெக்க மாட்டாங்க. மொதலாளி பையன் வெளியூர்ல இருந்து வாரதுக்குக் கொஞ்சம் நேரமாயிருச்சு. அவ்வளவும் பூச்சியம்.”

“அப்புறம் ஏன் சடார்னு ஏறியிருக்கு?”

“அது கொள்ளி வெச்ச நேரம். அப்புறம் ஊரே ஓட்டல்ல நின்னுது.”

மதுரவல்லி சன்னலுக்கு வெளியே பார்த்தார். தெரு முழுக்கப் புகை. “நாம கெஞ்சினோம். போஸ்டர் ஒட்டினோம். பள்ளிக்கூடப் பிள்ளைங்களை நடக்க விட்டோம். ஒருத்தர் அடுப்பை அணைக்கல. ஒரு மனுஷன் செத்ததும் ஊரே அணைச்சிருக்கு. இது மரியாதையா, பயமா?”

“நம்மூர்ல ரெண்டுக்கும் ஒரே கதவுதானுங்க மேடம்.”

“அந்த மாதிரி இன்னொரு ஆள் யார் இருக்காங்க?”

நல்லசிவம் யோசித்தார். “எழுச்சிக்குன்று இருக்காரு. ஆனா உசுரோட இருக்காரு.”

எழுச்சிக்குன்று என்பது பட்டம். பெயர் தணிகாசலம். எப்போதோ அமைச்சராக இருந்தவர். கடைசி மூன்று தேர்தலில் கட்சி அவருக்குச் சீட்டுக் கொடுக்கவில்லை. ஆனாலும் அவர் செத்தால் கடையடைப்பு உண்டு என்பதில் ஊருக்குச் சந்தேகமில்லை. உயிரோடிருப்பவரை மறந்துவிடலாம். செத்தவரை மறந்தால் கடைக் கண்ணாடி உடையும்.

மதுரவல்லி போய்ப் பேசியபோது தணிகாசலம் முதலில் கோபப்பட்டார். பிறகு, “கூட்டம் எவ்வளவு வரும்?” என்று கேட்டார்.

“ஊரே வரும் ஐயா. ஒரே ஒரு நாள். மறுநாள் விடிஞ்சதும் டாக்டர் வந்து நாடி திரும்பிடுச்சுன்னு சொல்லுவார். நீங்க எழுந்துக்கலாம்.”

“செத்துப் பொழைச்சவன்.” தணிகாசலம் அந்தச் சொல்லை வாயில் போட்டுச் சுவைத்துப் பார்த்தார். “அடுத்த எலெக்சன்ல செத்துப் பொழைச்சவனுக்கு சீட்டு இல்லைன்னு எவன் சொல்லுவான்?”

அவர் மனைவி கமலவேணி தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “உசுரோட இருக்கையில ஒரு நாள் வாய மூடிட்டு இருந்ததில்ல. செத்தா இருப்பாராக்கும்? கேட்டுக்குங்க அம்முணி, நாளைக்கு என்னையக் குத்தஞ்சொல்லக் கூடாது.”

வெளியே யாருக்கும் சொல்லக் கூடாது என்று முடிவாயிற்று. டொராண்டோவில் இருந்த மகன் அறிவுடைநம்பிக்குக்கூடச் சொல்லக் கூடாது. அவன் எப்படியும் வரமாட்டான் என்று தணிகாசலமே சொன்னார்.

குறித்த நாள். இன்னும் விடியவில்லை. எழுச்சிக்குன்று சாய்ந்தது என்று ஒலிபெருக்கி இல்லாமல் வாயாலேயே ஊரெங்கும் சொன்னார்கள். கடைகள் தாமாகவே அடைத்தன. தாமாக அடைக்காத இரண்டு கடைகள் கட்சிக்காரர்களைத் தூரத்தில் பார்த்ததும் தாமாகவே அடைத்தன. தறிகள் நின்றன. துக்கத்துக்காக மின்சாரமும் நின்றது. தலைநகரிலிருந்து சூரிய மின்கலத்தில் ஓடும் ஐஸ் பெட்டி ஒன்றை மட்டும் வரவழைத்திருந்தார்கள். தலைவர் அதற்குள் மாலைகளோடு படுத்துக்கொண்டார். குளிரை அணைத்துவிட்டு உள்ளே ஒரு சின்ன விசிறியை மட்டும் சுழலவிட்டிருந்தார்கள். ஊதுபத்திக்கு அனுமதி இல்லை.

சூரியன் எழுவதற்குள் பலகை பூச்சியத்துக்கு இறங்கிவிட்டது. ஜெனீவாவிலிருந்து வந்திருந்த மன்றத்தின் ஆய்வாளர் யோஹான் அதை நின்று பார்த்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. மதுரவல்லிதான் மொழிபெயர்ப்பு.

“மக்கள் தாமாகவே அணைத்தார்களா?”

“ஒரு தலைவரின் மீதுள்ள அன்பு.”

“எங்கள் நாட்டில் வரி போட்டோம். நடக்கவில்லை” என்றார் யோஹான்.

சிக்கல் ஒன்றுதான். செத்தவர் மூச்சு விட்டார். பெட்டியின் கண்ணாடியில் ஆவி படிந்தது. துடைத்தால் மறுபடி படிந்தது. வரிசையில் வந்த ஒரு அம்மாள், “தலைவருக்கு வேர்க்குது” என்று சொல்லி அழுதார். கூடவே சம்பங்கி மாலை வேறு தலைவருக்கு ஒத்துக்கொள்ளாது. ஒருமுறை பெட்டிக்குள்ளிருந்து தும்மல் வந்தது. நல்லசிவம் பதறிப்போய் வெளியிலிருந்து ஏழெட்டுத் தும்மல் போட்டுச் சமாளித்தார்.

அந்த நேரத்தில்தான் மாரப்பன் வந்தான். பஸ் ஸ்டாண்டில் டீ மாஸ்டர். வாசலில் நல்லசிவத்தைப் பிடித்துக்கொண்டான்.

“சார், எங்கம்மா விடியால செத்துப்போச்சுங்க.”

“அடடா. அருக்காணியம்மாவா? நல்ல மனுசி. இட்லிக்கடை போட்டிருந்தாங்கள்ல?”

“ஆமாங்க. ஐஸ் பெட்டி ஒன்னு வேணும். பெட்டிக்காரன்கிட்டப் போனா, இன்னைக்கு எந்தப் பெட்டியும் ஓடாது, கரண்டே இல்லைங்கறான்.”

“நாளைக்கு விடிஞ்சா எல்லாம் ஓடும்.”

“நாளைக்கு விடியற வரைக்கும் எங்கம்மா தாங்கோணுமில்லீங்க? சித்திரை வெயிலு.”

“அப்ப இன்னைக்கே எடுத்துரு.”

“எடுத்துட்டுப் போனா எரிக்க விடுவீங்களா?”

நல்லசிவம் மணிக்கூண்டுப் பக்கம் பார்த்தார். “விட முடியாது மாரப்பா. ஒண்ணு செய்யலாம். எல்லை தாண்டிப் பக்கத்து மாவட்டத்துச் சுடுகாட்டுக்குக் கொண்டு போயிரு. தள்ளுவண்டி ஏற்பாடு பண்றேன்.”

“ஏனுங்க, எங்கம்மாவோட பொகை பக்கத்து மாவட்டத்துல எந்திரிச்சா வானத்துக்குத் தெரியாதாக்கும்?”

“தெரியும். ஆனா அது அவங்க கணக்கு.”

மாரப்பன் அவரை மேலும் கீழும் பார்த்தான். “நல்லா இருக்குதுங்க உங்க கணக்கு. நான் அவசரப்பட்டு எடுக்கறதுக்கு வரலைங்க. தங்கச்சி தெய்வானை பூனாவுல வண்டி ஏறிட்டா. நாளைக்கு விடியத்தான் வந்து எறங்குவா. எங்கப்பன் சாவுக்கும் அவ வந்து சேரல. வரையில சாம்பலுதான் இருந்துது. எங்கம்மா மொகத்தையாவது அவ பாக்கோணும். எனக்கு வேற ஒன்னும் வேண்டாம். உள்ள ஒரு பெட்டி இருக்குதில்லீங்க?”

“அதுல தலைவர் இருக்காருப்பா!”

“அவரு பெரிய மனுசன். கொஞ்சம் கெட்டுப்போனாலும் கூட்டம் நிக்கும். எங்கம்மாவுக்கு நான் ஒருத்தன்தான்.”

அப்போது கூடத்திலிருந்து டொக் டொக் என்று சத்தம் கேட்டது. யாரோ கண்ணாடியைத் தட்டுகிற சத்தம். தட்டியது உள்ளிருந்து.

குடும்பத்தார் மட்டும் அஞ்சலி செலுத்தும் நேரம் என்று அறிவித்துக் கூட்டத்தை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். சாத்திய அவசரத்தில் மாரப்பன் உள்ளே மாட்டிக்கொண்டான். பெட்டி திறந்தது. எழுச்சிக்குன்று எழுந்து உட்கார்ந்தது.

மாரப்பன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். “சாமீ...”

“கத்தாதடா. நாந்தான்” என்றார் தணிகாசலம். முகமெல்லாம் வேர்வை. “இட்லி மாதிரி வெந்துட்டேன். ஒன்னுக்குப் போகோணும். இவன் பேசறதெல்லாம் கேட்டுட்டேன். அந்தம்மாவைக் கொண்டாந்து இதுல போடுங்க. நான் உள்ளாற போறேன்.”

“ஐயா, ஜனங்க யாரைப் பார்த்துட்டுப் போவாங்க?” என்றார் மதுரவல்லி.

“ஜனங்க மாலையப் பாத்துட்டுப் போவாங்க. நான் எத்தன சாவுக்குப் போயிருக்கேன்! என்னைக்காவது குனிஞ்சு மொகத்தப் பாத்திருக்கனா? போட்டோக்காரன் எங்க நிக்கறான்னுதான் பாப்பேன்.”

மதுரவல்லி பெட்டியையும் மாலைகளையும் பார்த்தார். இத்தனை வருஷம் படித்த பாதைகளில் இப்படி ஒரு திருப்பம் எங்கும் போட்டிருக்கவில்லை. கமலவேணிதான் முடித்து வைத்தார்.

“பெட்டி செத்தவங்களுக்குச் செஞ்சதுதானே? இதுல என்ன ரோசனை? போப்பா, உங்கம்மாளக் கூட்டிட்டு வா.”

மாரப்பன் நகரவில்லை. “எனக்கு ரெண்டு வார்த்தை வேணுமுங்க. தெய்வானை பாக்காம எங்கம்மாவ எடுக்கக் கூடாது. கொள்ளி நாந்தான் வெப்பேன்.”

“சரி. விடிஞ்சதும் பெட்டியை உள்ளே தள்ளிட்டுப் போய் மாத்திக்கலாம். ஐயா எழுந்துக்குவார். நீங்க பின்வாசல் வழியா அம்மாவை எடுத்துட்டுப் போய் எல்லாம் முறைப்படி செய்யலாம்” என்றார் மதுரவல்லி.

“அதுவரைக்கும் எங்கம்மாவ மந்திரின்னு சொல்லோணுமா?”

“நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். பக்கத்துல நின்னு அழுதா போதும்.”

“அதுக்குச் சொல்லித் தரோணுமாக்கும்” என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

காய்கறித் தள்ளுவண்டியில், வாழையிலைக்குக் கீழே படுத்தபடி, அருக்காணி கொல்லைப்புற வழியாக வந்து சேர்ந்தாள். தலைக்கு உருமால் கட்டினார்கள். கழுத்துவரை கட்சிக் கொடி, கன்னம்வரை மாலை. குளிரைப் போட்டார்கள். கண்ணாடி தெளிந்தது. கதவைத் திறந்தார்கள். வரிசை மறுபடி நகர்ந்தது.

யாரும் எதுவும் கேட்கவில்லை. “இப்பத்தான் மொகத்துல ஒரு களை வந்திருக்குது” என்று ஒருவர் சொன்னார்.

மத்தியானம் பெரியவர்கள் வர ஆரம்பித்தார்கள். துறை அமைச்சர் சைக்கிளில் வந்தார். அவருடைய கார்கள் மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம், ஏ.சி. போட்டபடி வரிசையாக நின்றன. வியர்வையைத் துடைத்துக்கொண்டு பெட்டியின் மேல் மலர்வளையம் வைத்தார். பிறகு பேசினார்.

“யாரிடமும் கை நீட்டாத தலைவர்!”

தலைமாட்டில் நின்ற மாரப்பன் தலையை ஆட்டினான். கடனுக்கு அரிசி வாங்கக்கூட அவன் அம்மா போனதில்லை.

“விடியும் முன் எழுந்து ஊருக்காக உழைத்தவர்! பசி என்று வந்தவனிடம் காசு இருக்கிறதா என்று கேட்காமல் சோறு போட்டவர்! கடைசிவரை ஒரு சொந்த வீடு சேர்த்துக்கொள்ளாத எளிமை!”

“வாஸ்தவந்தானுங்க” என்றான் மாரப்பன். கண்ணில் நீர் முட்டியது. இத்தனை நாள் தன் அம்மாவைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் பேசிக் கேட்டதில்லை.

மூன்று மாடி வீட்டின் பின்கட்டில், நெல் மூட்டைகளுக்கு நடுவே, தணிகாசலமும் அழுதுகொண்டிருந்தார். அவருக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு மரச்சன்னல்தான். “என்னைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கானுங்க பாரு கமலா. உசுரோட இருந்தப்ப ஒருத்தனாவது வாயத் தொறந்தானா?”

“பழைய சோறு கொண்டாந்திருக்கேன். சத்தமில்லாம தின்னுங்க” என்றார் கமலவேணி.

மாரப்பன் மத்தியானமே மொட்டை அடித்துக்கொண்டான். பெற்றவளுக்கு மகன் செய்கிற முறை. ‘தலைவருக்காக முடி துறந்த தொண்டர்’ என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள். அதைப் போனில் பார்த்துக் கட்சிக்காரர்கள் எட்டுப் பேர் அவசரமாக மொட்டை அடித்துக்கொண்டார்கள். ஒருமுறை மட்டும் பலகையில் பூச்சியம் நடுங்கியது. தேரடி வீதியில் யாரோ பீடி பற்றவைத்திருந்தார்கள். தொண்டர் படை பாய்ந்து போய்ப் பிடித்தது. பற்றவைத்தவர் விழிப்புணர்வுக் குழுவின் தலைவர். எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

எல்லாம் சரியாகப் போயிருக்கும். ஆனால் யோஹான் போக மறுத்துவிட்டார். விடிய விடியப் பெட்டியின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“சார், நீங்க போய்த் தூங்கலாமே?” என்று மதுரவல்லி எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தார்.

“இல்லை. இந்த மனிதரை விட்டுப் போக மனம் வரவில்லை. மேலும், எங்கள் விதி ஒன்று இருக்கிறது. போன வருஷம் வேறொரு நாட்டில் ஒரு ஊர் முழுக்கக் கல்யாணத்துக்குப் போய்விட்டதாகச் சொல்லிப் பூச்சியம் காட்டினார்கள். கல்யாணமே நடக்கவில்லை. அதனால் இப்போது காரணத்தையும் சரிபார்க்கிறோம். விடிந்ததும் நெருங்கிய உறவினர் ஒருவர் என் முன்னால் இறந்தவரை அடையாளம் காட்ட வேண்டும். உடலை மயானத்துக்கு எடுக்கும்வரை நான் இருப்பேன். பிறகு கையெழுத்து.”

மதுரவல்லி நல்லசிவத்தைப் பார்த்தார். நல்லசிவம் மரச்சன்னலைப் பார்த்தார். சன்னலுக்குப் பின்னால் ஒரு கண் இமைத்தது.

“அப்ப நான் எப்ப எந்திரிக்கறது?” என்று பின்கட்டில் தணிகாசலம் கேட்டார்.

“எழுந்தீங்கன்னா துண்டெல்லாம் துறைமுகத்துல கிடந்து மக்கிடும் ஐயா. மோசடின்னு எழுதிட்டுப் போயிடுவார்.”

“அதுக்கு? நான் செத்தே கெடக்கறதா?”

“அடையாளம் காட்டறதுன்னா நாந்தானே காட்டோணும்? நான் பாத்துக்கறேன்” என்றார் கமலவேணி. “நீங்க செத்தா மாதிரி இருங்க. இப்பவாவது.”

விடிந்தது. முதல் ரயில் வந்தது. ரயிலின் கணக்கு டில்லியைச் சேர்ந்தது என்பதால் அதற்குத் தடையில்லை. தெய்வானை ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்தாள். வழியில் மாரப்பன் நடந்ததைச் சொல்லியிருந்தான். பாதி அவளுக்கு விளங்கவில்லை. பெட்டியைப் பார்த்ததும் விளங்காததெல்லாம் தேவையில்லாமல் போயிற்று.

“என்னைப் பெத்தவளே! என்னைய விட்டுட்டுப் போயிட்டியே!”

பெட்டியின் மேல் விழுந்தாள். ‘தலைவரைப் பெற்ற தாயாகவே போற்றிய பெண் தொண்டர்’ என்று தொலைக்காட்சிக்காரர் மெல்லிய குரலில் சொன்னார். கமலவேணி பெட்டியின் மூடியைத் தானே தள்ளித் திறந்து, மாலையை விலக்கி, “பாரு கண்ணு. நல்லாப் பாத்துக்க” என்றார். தெய்வானை பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள். கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். மாரப்பன் திரும்பி நின்றுகொண்டான். அவனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மணிக்கூண்டில் சங்கு ஊதியது. பலகை ஒரு முழு நாளைப் பூச்சியத்தில் முடித்திருந்தது. யோஹான் சான்றிதழை மடியில் விரித்துப் பேனாவைத் திறந்தார். கமலவேணி அடையாளம் காட்டுவதற்காக முன்னால் வந்தார். அந்த நேரத்தில் வாசலில் சலசலப்பு.

“வழி விடுங்க! தலைவர் மகன்!”

அறிவுடைநம்பி டொராண்டோவிலிருந்து வந்துவிட்டிருந்தான். எல்லையில் காரை நிறுத்திவிட்டு சூட்கேஸை உருட்டிக்கொண்டு நடந்து வந்த களைப்பு. காதில் போன். கமலவேணியின் கை அப்படியே நின்றது. சாவுச் செய்தியை டி.வி.யில் பார்த்துக் கிளம்பியவனுக்கு உண்மையை யாரும் சொல்லியிருக்கவில்லை. பின்கட்டில் நெல் மூட்டை நகரும் சத்தம் கேட்டது.

“மகனா?” என்று யோஹான் எழுந்தார். “மனைவியைவிட மகன் இன்னும் நல்லது. ரத்த உறவு. அவரே பார்க்கட்டும்.”

மதுரவல்லி அதை மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை. தெருப் பெரியவர் ஒருவர் வழக்கப்படி குரல் கொடுத்துவிட்டார்.

“மொகம் பாக்கறவங்க பாத்துக்குங்க. எடுக்கப் போறோம்!”

மாரப்பன் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டான். இந்த மனிதன் வாயைத் திறந்து இது யார் என்று கேட்டால், அடுத்த நிமிஷம் தன் அம்மா இந்தக் கூட்டத்துக்கு நடுவில் கொடியும் உருமாலுமாக நடுத்தெருவில் கிடப்பாள். மதுரவல்லி கண்களை மூடிக்கொண்டார். நல்லசிவம் தும்மத் தயாரானார்.

அறிவுடைநம்பி போனைக் காதிலிருந்து எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டான். பெட்டிக்குள் குனிந்தான். சாவகாசமாகவே பார்த்தான். மரச்சன்னலில் அந்தக் கண் இமைக்காமல் இருந்தது.

“அப்பா ரொம்ப எளைச்சுட்டாரு” என்றான்.

கமலவேணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்து நான்கு பெண்கள் வந்து தாங்கிக்கொண்டார்கள். “வயசாச்சில்ல கண்ணு” என்றார், கொஞ்சம் பொறுத்து.

“கடைசியா வீடியோவுல பார்த்தப்ப நல்லாத்தான் இருந்தாரு. போன தீபாவளியா, அதுக்கு முந்துன தீபாவளியா...” என்று சொல்லிவிட்டு அவன் போனை மறுபடி காதில் வைத்தான். சாயங்காலமே திரும்ப வேண்டும், கொள்ளி வைக்கிற சடங்குக்கெல்லாம் நிற்க முடியாது, மொட்டை அடித்த அந்த விசுவாசமான தொண்டரே வைக்கட்டும் என்று தகவல் சொல்லி அனுப்பினான்.

‘மகனால் அடையாளம் காணப்பட்டது’ என்று எழுதி யோஹான் கையெழுத்துப் போட்டார். கூட்டம் கை தட்டுவதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தது. பஸ்கள் கிளம்பின. அடைத்திருந்த கடைகள் ஒரே நேரத்தில் திறந்தன. ஒரு நாள் பட்டினி கிடந்த ஊர் ஒரே மூச்சில் அடுப்பைப் பற்றவைத்தது. பலகையில் எண் ஏறின ஏற்றத்தை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாரப்பன் முன்னால் தீச்சட்டியோடு நடந்தான். தெய்வானை தெருமுனைவரை கூடவே வந்து நின்றுகொண்டாள். போலீஸார் துப்பாக்கியை உயர்த்தி மரியாதை செய்தார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது.

பின்கட்டில் தணிகாசலம் சன்னலை விட்டு விலகி நெல் மூட்டை மேல் உட்கார்ந்தார். எப்போது எழுந்திருப்பது என்று அவர் அப்புறம் யாரையும் கேட்கவில்லை. மதுரவல்லி சான்றிதழோடு தலைநகருக்குக் கிளம்புமுன் எட்டிப் பார்த்து, “ஐயா, ஏதாவது வேணுமா?” என்றார். அவர் தன் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டியில் இருந்தவள் மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருந்தாள்.